ஒரே கல்லு மேசை

பையை இங்க கொடுங்க தம்பி. இங்க. அந்தக் கல்லு மேசைப் பக்கம் ஏன் போறீங்க? நிழல்ல நிக்கிறவளுங்கதான் மீன் ஆயிறவளுங்களா? தரையில உக்காந்திருக்கிறவகிட்ட அருவாமனை இல்லையா? அந்த மீன் பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. வெயிலு கொஞ்சம் அடிக்கும். நான் தெனமும் இந்த வெயில்லதான் கெடக்கேன். கொஞ்ச நேரம் உக்காந்தா நீங்க ஒண்ணும் கருவாடா ஆயிட மாட்டீங்க.

என்ன மீனு? கொடுவாயா. நல்ல மீனாத்தான் பார்த்து எடுத்திருக்கீங்க. செவுளைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு. குழம்புக்கா, வறுவலுக்கா? ரெண்டுக்குமா? அப்ப வாலுப் பக்கம் வறுவலுக்குப் போடறேன். தலையைப் பொளந்துதானே போடணும்? சரி.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அங்க மேசையில ஒரு ஓரம் காலியாக் கெடக்கு, இந்தப் பொம்பள ஏன் மண்ணுல குந்திக்கிட்டு அருவாமனையோட மல்லுக்கட்டுறான்னுதானே? எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. போன வாரம் ஒரு டீச்சரம்மா வந்து, ஏன்மா உங்களை அங்க சேர்க்க மாட்டாங்களான்னு கேக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைய இவளுங்க சேர்க்கணுமா? அந்த மேசையைக் கட்டினதே நான்தான் தம்பி. இந்தத் தையல்நாயகி கட்டின மேசை அது. கட்டினவ மண்ணுல. கையைக் கட்டிக்கிட்டு நின்னவளுங்க மேசையில. சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. நீங்க வெளியூரு. உங்களுக்கு எவளும் சொந்தமில்ல, எவளும் பகையில்ல.

அதோ, கடல் பக்கத்துக் கோடியில நீலச் சேலை கட்டிக்கிட்டு நிக்கிறாளே, அவ பேரு பூரணி. என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. அவளை யாரு பொண்ணு பார்த்துக் கட்டி வச்சது? நான்தான். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை அது, அப்புறம் சொல்றேன். அவளுக்குப் பக்கத்துல நிக்கிற குண்டு செங்கமலம். இந்தப் பக்கம் நிக்கிறவ வேம்பு, பேருக்கேத்த வாயி. நாங்க நாலு பேரும்தான் ரொம்ப வருசமா இந்த வாசல்ல மீன் ஆயிறோம். உங்களை மாதிரி டவுன்ல இருந்து வர்றவங்க ஏலத்துல மீனை எடுத்துக்கிட்டு வந்து எங்ககிட்ட ஆயக் கொடுப்பாங்க.

மேசை வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் இப்படித்தான், பலகையைப் போட்டுக் குந்திக்கிட்டு, அருவாமனையைக் காலால மிதிச்சுக்கிட்டு. அடியில சேறு, மேல வெயிலு, பக்கத்துல நாயி. எழுந்திரிச்சா முட்டி ரெண்டும் மளுக்குனு சத்தம் போடும். ஒருநாள் என்னால எழுந்திரிக்கவே முடியல. பூரணிதான் அக்குள்ல கையைக் கொடுத்துத் தூக்கினா. அன்னிக்கு நினைச்சேன், நின்னுக்கிட்டு வேலை செய்யற மாதிரி ஒரு மேசை வேணும்னு. நினைச்சவ நான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

முதல்ல பலகையில ஒண்ணு போட்டோம். ஒரு மழை தாங்கல. ஊறி, உப்பி, புழு வச்சு, முகம் சுளிக்கிற நாத்தம். அப்புறம் இரும்புக் கால் வச்சு மேல தகரம் அடிச்சு ஒண்ணு. உப்புக்காத்து இரும்பை முறுக்கு திங்கிற மாதிரி தின்னுது தம்பி. ஒருநாள் செங்கமலம் ஒரு திருக்கையைத் தூக்கிப் போட்டா, மேசை அப்படியே காலை மடிச்சு உக்காந்துடுச்சு. அவளும் கூடவே உக்காந்தா. எல்லாரும் சிரிச்சாளுங்க. நான் சிரிக்கல. நான் யோசிச்சுக்கிட்டு நின்னேன். கடல் வாசல்ல நிக்கணும்னா கல்லாத்தான் இருக்கணும். கல்லை உப்பு திங்காது, புழு திங்காது.

அந்த நேரத்துலதான் பழைய ஐஸ் கம்பெனியை இடிச்சாங்க. உள்ள ஐஸ் பாரைத் தள்ளிவிடறதுக்கு ஒரு கருங்கல்லு கெடந்துச்சு. என்னா நீளங்குறீங்க. நடுவுல ஒரு ஒட்டு கெடையாது, ஒரு வெடிப்பு கெடையாது. ஒரே கல்லு. அதை ஒடைச்சு ஜல்லி போடப் போறேன்னான் காண்ட்ராக்ட்காரன். நான் போய் கல்லு மேல உக்காந்துட்டேன். என்னைய ஒடைச்சுட்டு அப்புறம் கல்லை ஒடைன்னேன். எடுத்துட்டுப் போய்த் தொலைன்னுட்டான். எவ போனா சொல்லுங்க? இவளுங்க எவளாச்சும் போனாளா?

தூக்கிட்டு வந்தது எல்லாரும்தான். அதை நான் இல்லைன்னு சொல்லல. வள்ளம் தள்ளுற உருளைக் கட்டையைக் கடக்கரையில இருந்து வாங்கிட்டு வந்து, அடியில கொடுத்து உருட்டிக்கிட்டே வந்தோம். பின்னாடி கனத்த பக்கம் பூரணி தோள் கொடுத்தா. அவளுக்கு ஒடம்பு அப்படி. நான் முன்னாடி நடந்து வழி சொன்னேன். வழி சொல்லலைன்னா கல்லு ரோட்டை விட்டுப் பள்ளத்துல எறங்கியிருக்கும். சுமக்கிறது பெரிசா, வழி சொல்றது பெரிசா?

குடல் உங்களுக்கு வேணாம்ல? பூனைக்குப் போடவா? சரி.

அப்புறம் கொத்தனாரு. தனவேலுன்னு ஒருத்தன், இந்த ஊர்க்காரன்தான். செங்கல்லுல கால் கட்டி மேல கல்லை ஏத்தணும். முதநாளே கடல் மணலை அள்ளிக்கிட்டு வந்து கலவை போடப் பார்த்தான். வாசல்லயே கெடக்கே அக்கா, எதுக்கு ஆத்து மணலுக்கு அலையணும்னான். நான் சட்டியைப் புடுங்கிக் கவுத்துட்டேன். உப்பு மணல்ல கட்டின சுவரு பொரியாட்டம் உதிரும், எங்க வீட்டுக் குளிக்கிற ரூமே அப்படித்தான் போச்சு, எனக்குத் தெரியாதா? ஆத்து மணலு வந்த பிறகுதான் கட்ட விட்டேன். கட்டின காலைத் தண்ணி ஊத்தி ஊத்தி நனைச்சது யாரு? நான். சரி, பூரணியும்தான் ஊத்தினா. நான் சொல்லித்தான் ஊத்தினா. கல்லோட மேல் பக்கத்தை உளியால லேசாக் கொத்தச் சொன்னேன், இல்லைன்னா மீனு வழுக்கிக்கிட்டுப் போயிடும். ஓரத்துல தண்ணி கீழ வழியாம இருக்க ஒரு சின்ன வரப்பு. எல்லாம் நான் சொல்லிச் சொல்லிக் கட்டினது. இன்னிக்கு எத்தனை புயல் வந்தாலும் அது அசையாது தம்பி. போய் ஒரு உதை உதைச்சுப் பாருங்க, உங்க கால்தான் வலிக்கும்.

இப்ப வாட்டத்துக்கு வர்றேன். அதுலதான் எல்லா வம்பும்.

மீன் ஆயிற கல்லுல தண்ணி நிக்கக் கூடாது. வாட்டம் வச்சுக் கட்டணும். ஒரு பக்கம் கொஞ்சம் ஒசத்தி, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்த்தி. அப்பதான் ரத்தமும் செதிளும் கழுவின தண்ணியும் ஓடி ஓட்டையில விழுந்து குழாய் வழியா குழிக்குப் போகும். தனவேலு ரசமட்டத்தைக் கல்லு மேல வச்சுக்கிட்டுக் கேட்டான், அக்கா வாட்டத்தைப் பின்னாடி பக்கமா வச்சுடவா, அவங்கவங்க தண்ணி அவங்கவங்களுக்குப் பின்னாடி விழுந்துடும், ஒரு சின்ன வாய்க்கா வச்சா போதும்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பின்னாடி என்ன இருக்கு? நான் கருவாடு காயப் போடற இடம். என் கருவாட்டு மேல நாலு பேரு கழுவின தண்ணி விழணுமா? முடியாதுடான்னேன். அப்ப நீளத்துக்குத்தான் வைக்கணும், எந்தக் கோடி ஒசத்தின்னான். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? ரோட்டுப் பக்கக் கோடி என் இடம். மேசை வர்றதுக்கு முன்னாடியே நான் அங்கதான் குந்தியிருப்பேன். அது ஒசத்தி. கடல் பக்கம் தாழ்த்தி. தண்ணி கடலைப் பார்த்துத்தானே ஓடணும், ரோட்டைப் பார்த்தா ஓடும்?

கடல் பக்கக் கோடியில யாரு நிக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. செங்கமலம் வேற பக்கம் திரும்பிக்கிட்டா. வேம்பு, நான் நிக்க மாட்டேன், நீ ஆயிற குடலெல்லாம் என் கைக்கு வரும்னா. நான் பூரணியைப் பார்த்தேன். நீ நில்லுடின்னேன். சரிக்கான்னா. முடிஞ்சு போச்சு. இதுல என்ன தப்பு? எங்கள்ல கடைசியா வந்தவ அவதானே. நான் மூத்தவ, அவ இளையவ. பந்தியிலகூட மூத்தவங்களுக்குத்தான் முதல்ல எலை போடறாங்க.

நல்லாத்தான் போச்சு. முட்டி வலி எனக்குப் பாதி கொறைஞ்சுது. கல்லைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். வர்றவங்க எல்லாரும், மேசை நல்லா இருக்கே, யாரு கட்டினதுன்னு கேப்பாங்க. ஒரு குவளை தண்ணியை என் கோடியில ஊத்தினா, சரசரன்னு ஓடி, வேம்பு கிட்டப் போய், செங்கமலம் கிட்டப் போய், பூரணி கிட்டப் போய் ஓட்டையில விழும். பார்க்கவே அழகா இருக்கும். என் இடம் எப்பவும் பளிச்சுன்னு இருக்கும். செங்கமலம் இடத்துல கொஞ்சம் செதிள் ஒட்டிக்கிட்டு இருக்கும், அவளுக்குச் சுத்தம் போதாது. பூரணி இடத்தைக் கேக்கவே வேணாம். எப்பப் பார்த்தாலும் ரத்தமும் குடலுமா. பொழுதன்னிக்கும் ஓட்டையில அடைச்சதைக் கையால நோண்டிக்கிட்டே நிப்பா. நான்கூடச் சொல்லுவேன், ஏன்டி உன் இடத்தைக் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கக் கூடாதா, வர்றவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்கன்னு. சரிக்கான்னு சிரிப்பா.

வேம்புதான் அப்பப்ப முனகுவா. தெனமும் அவளேதானா நிக்கணும், மாத்திக்கலாமேன்னு. நான் கேட்டேன், சம்பந்தப்பட்டவளே சும்மா இருக்கா, உனக்கு ஏன்டி எரியுதுன்னு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

துண்டு இந்தத் தடிப்பு போதுமா? இன்னும் கொஞ்சம் மெலிசாவா? மெலிசாப் போட்டா குழம்புல கரைஞ்சுடும், சொல்லிட்டேன். அப்புறம் என்னைய ஏசக் கூடாது.

அப்ப எம் பொண்ணுக்குப் பிரசவம் வந்துச்சு. அவளைக் கட்டிக் கொடுத்தது வேதாரண்யம் பக்கம். தலைப் பிரசவத்துக்கு இங்கதான் கூட்டிட்டு வந்தேன், இது ரெண்டாவது. மாமியாக்காரி அங்கயே பார்த்துக்கலாம், நீ வான்னுட்டா. போயிட்டேன். கொழந்தைக்கு மஞ்சக்காமாலை, அது இதுன்னு இழுத்துக்கிச்சு. உடனே திரும்ப முடியல. போகும்போது பூரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூட்டையைத் தூக்கிட்டு வந்தா. இடது கையில துணி சுத்தியிருந்தா. என்னடின்னேன். கெளுத்தி முள்ளு குத்திடுச்சுக்கான்னா. எங்க கையில முள்ளு குத்தாத நாளு உண்டா? மஞ்சளைப் பத்துப் போடுன்னு சொல்லிட்டு நான் பஸ் ஏறிட்டேன்.

திரும்பி வந்து மறுநாள் காலையில என் இடத்துல போய் நின்னேன். கல்லைக் கும்பிட்டேன். கத்தியைத் தீட்டினேன். ஒரு சங்கராவை எடுத்து வச்சுச் செதிளை உரசினேன். கையடியில என்னமோ சில்லுன்னு ஊறுது. பார்த்தா ரத்தத் தண்ணி. எங்கிருந்து வருது? நிமிந்து பார்க்கிறேன். வேம்பு இடத்துல இருந்து வருது. வேம்பு இடத்துக்குச் செங்கமலம் கிட்ட இருந்து வருது. எல்லாம் என்னைப் பார்த்து ஓடி வருது தம்பி. குடலு ஒண்ணு மெதுவா நகர்ந்து வந்து என் கையில முட்டிக்கிட்டு நிக்குது. ஓட்டை எங்க? என் காலடியில.

வாட்டத்தைத் திருப்பி வச்சிட்டாளுங்க.

நான் இல்லாத நேரம் பார்த்து, அதே தனவேலைக் கூப்பிட்டு, ஜாக்கி வச்சுக் கல்லைத் தூக்கி, கடல் பக்கத்துக் காலை ஒசத்தி, என் பக்கத்துக் காலைக் கொறைச்சு, ஓட்டையையும் குழாயையும் என் பக்கம் போட்டு. என் மேசையை. நான் கல்லு மேல உக்காந்து மீட்ட மேசையை. ஆத்து மணலுக்கு நாயா அலைஞ்சு நான் கட்டின மேசையை. வயிறு எரிஞ்சுது தம்பி. இன்னிக்கும் எரியுது. கத்தியை விசிறி அடிச்சேன். நாலு கடைக்காரன் வந்து வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். எவடி பண்ணினதுன்னேன். நான்தான்னா வேம்பு. நானும்தான்னா செங்கமலம், அந்த வாயில்லாப் பூச்சி. உங்க ரெண்டு பேரு மண்டையிலயும் இந்த யோசனை வராதுடி, எல்லாம் அந்த ஊமைக் கோட்டான் பண்ணினதுன்னேன். அவ எங்கன்னேன்.

அவ ஆஸ்பத்திரியில இருந்தா.

பிரசவ வீட்டுல இருக்கிறவளுக்கு எதுக்குன்னு என்கிட்ட யாரும் சொல்லல. அந்த முள்ளு குத்தின எடம் சீழ் பிடிச்சிருக்கு. தெனமும் அந்தத் தண்ணியிலயே கையை வச்சா என்ன ஆகும்னு வேம்பு என்கிட்டயே கேக்குறா. எனக்கு வைத்தியம் சொல்ற மாதிரி. கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, காய்ச்சல் கண்டு, டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இடது கை ஆள்காட்டி விரலை எடுத்துட்டாங்க. அடியோட எடுத்துட்டாங்க தம்பி. எடுத்தாத்தான் கை மிஞ்சும்னு சொல்லியிருக்காங்க. எடுத்த அன்னிக்கு வேம்பும் செங்கமலமும் ஆஸ்பத்திரியில இருந்து நேரா தனவேலு வீட்டுக்குத்தான் போயிருக்காளுங்க.

எனக்கும் வருத்தம்தான். வருத்தமில்லாம இருக்குமா? நான் பொண்ணு பார்த்துக் கொண்டு வந்தவ. ஆனா நீங்களே சொல்லுங்க, தண்ணியாலயா விரல் போச்சு? அவளுக்குச் சக்கரை இருக்கு. சக்கரை இருக்கிறவளுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன? பன்னீர்ல முக்கி வச்சாலும் ஆறாது. அதுக்கும் என் மேசைக்கும் என்ன சம்பந்தம்? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே இங்க காரியத்தை முடிச்சுட்டா பாருங்க, அவ கைகாரி. நான் திருப்பச் சொல்லலையேங்கிறா. சொல்லாமத்தான் ஆட்டி வைக்கிறா. விரலைக் காட்டினா போதாதா, ஊரே உருகாதா?

நான் வேம்புகிட்டக் கேட்டேன், திருப்பறதுதான் திருப்பினீங்க, தனவேலு முதல்ல சொன்ன மாதிரிப் பின்பக்கமா வச்சிருக்கலாம்லன்னு. அதுக்கு அவ சொல்றா, ஆஸ்பத்திரியில கேட்டப்ப பூரணிதான் வேணாம்னா, அக்காவோட கருவாட்டு மேல தண்ணி விழும்னு சொன்னாளாம். கேட்டீங்களா? என் கருவாட்டு மேல அக்கறையாம். என் மேல விழுந்தா பரவாயில்லையாம். ஏன், விரல் போனா கணக்கு வேற ஆயிடுமா?

பஞ்சாயத்துக்குப் போனேன். விடுவேனா? மாரியம்மன் கோயில் வாசல்ல பஞ்சாயத்தார் எல்லாரும் உக்காந்திருக்க, நடுவுல போய் நின்னு, கட்டினவ நான், என்னைய ஒரு வார்த்தை கேக்காம மாத்தியிருக்காங்க, பழையபடி வைக்கச் சொல்லுங்கன்னேன். பெரிய பஞ்சாயத்தாரு வெத்தலையைத் துப்பிட்டு வந்து சொல்றாரு, ஏம்மா, ஒரு கரையில நாலு கரைவலைக்காரன் இருந்தா என்ன பண்றோம்? முறை போட்டுத்தானே வளைக்கிறோம். இன்னிக்கு நல்ல எடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. கடல்ல நடக்கிறது ஒரு கல்லுல நடக்காதா? நாளுக்கு ஒருத்தியா எடத்தை மாத்தி நில்லுங்களேன்னு. எல்லாரும் தலையாட்டுறானுங்க, பூம்பூம் மாடு மாதிரி.

நான் சொன்னேன், கடலை எவனும் கட்டல, அதனால முறை போடறீங்க. இதை நான் கட்டினேன்னேன். அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுட்டாரு.

அன்னிக்கு எடுத்தேன் இந்த அருவாமனையை. பரண் மேல போட்டிருந்ததை இறக்கிச் சாணை பிடிச்சுக் கொண்டு வந்து உக்காந்துட்டேன். முட்டி உயிர் போகுதுதான். ராவுல தைலம் தேய்க்காமத் தூங்க முடியல. என் வீட்டுக்காரரு, எதுக்குடி இந்த வீம்புங்கிறாரு. அவருக்கு என்ன தெரியும்? மேல நின்ன இடத்துல கீழ நிக்கிறதுன்னா என்னன்னு அவருக்குத் தெரியுமா? ரெண்டும் ஒரே கல்லுதானே அப்படிங்கிறாரு. ஒரே கல்லுதான். நின்னு பார்த்தாத் தெரியும். நான் அன்னிக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் நின்னேன். வீட்டுக்குப் போய் சோத்துல கையை வைக்க முடியல. சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்ச்சேன். நாத்தம் போவல. நகக்கண்ணு எல்லாம் எரிஞ்சுது. ஒரு காலைப்பொழுதுக்கே அப்படி.

என்ன? பூரணி எத்தனை வருசம் நின்னான்னா கேக்குறீங்க?

நின்னா. இப்ப அதுக்கென்ன? மீனைப் பாருங்க தம்பி, ஈ மொய்க்குது. அந்தப் பையை விரிச்சுப் பிடிங்க.

இதோ வர்றா பாருங்க, டீயைத் தூக்கிக்கிட்டு. தெனமும் இதே கூத்துதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து பத்து மணியானா ஒரு டீயை வாங்கிட்டு வந்து என் பக்கத்துல வச்சுட்டு நிப்பா. நான் குடிக்க மாட்டேன். ஆறி, ஆடை கட்டி, ஈ விழுந்து கெடக்கும். மறுநாளும் கொண்டாருவா. டம்ளரை எந்தக் கையில பிடிச்சிருக்கா பாருங்க. இடது கையில. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல. என்னைப் பார்க்க வைக்கத்தான் அந்தக் கையில பிடிக்கிறா.

என்னடி? வச்சுட்டுப் போ. ஏன் நிக்கிற? அவருக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். என்ன பார்க்கிற? உள்ளதைத்தானே சொன்னேன்.

என்ன? சத்தமாச் சொல்லு, காதுல விழல.

கேட்டீங்களா தம்பி? நாளைக்கு ஞாயித்துக்கிழமையாம். கூட்டம் வருமாம். அக்கா தரையில உக்காந்திருந்தா நல்லா இல்லையாம். அவ இடத்துல என்னைய நிக்கச் சொல்றா, மேட்டுக் கோடியில. என் இடத்துல அவ நின்னுக்குவாளாம். பழையபடி தாழ்ந்த பக்கம் அவ, ஒசந்த பக்கம் நான். பழக்கம்தானேக்காங்கிறா.

எதுடி பழக்கம்? இந்தக் கையை வச்சுக்கிட்டா? காட்டு. காட்டுடி கையை. தையல் பிரிச்ச இடம் இன்னும் செவந்து கெடக்கு. இதை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமைத் தண்ணியில நிக்கிறேங்கிற? ஊரு மீனு எல்லாம் வந்து குவியும், ஓட்டை அடைச்சுக்கிட்டு முழங்கை வரைக்கும் வரும், நீ நிக்கிறியா? மிச்ச நாலு விரலும் ஒனக்குப் பாரமா இருக்கா? டாக்டரு என்ன சொன்னாரு, தண்ணி படாம வச்சுக்கன்னு சொல்லல? புருசன் கடல்ல கெடக்கான், ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வச்சிருக்க, அறிவு இருக்காடி உனக்கு?

வேணாம். ஒண்ணும் வேணாம். நீ உன் மேட்டுலயே நில்லு. நாளைக்கு நான் வர்றேன். என் இடத்துல நான் நிக்கிறேன். ஆமா, கீழ்க்கோடியிலதான். என்ன முழிக்கிற? என்னைய எவளும் மாத்தி நிக்க வைக்க வேணாம். வேம்புகிட்டச் சொல்லு, குடலை ஒதுக்கி வாளியில போடச் சொல்லி. என் பக்கம் தள்ளினான்னா அவ மூஞ்சியில அடிப்பேன். செங்கமலத்துக்கிட்டயும் சொல்லு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். போ. போயி கையைத் துடைச்சுக் காய வை.

சரிக்காங்கிறா. பார்த்தீங்களா? அதுக்கும் சரி. போறா பாருங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

இதுதான் தம்பி. இதுதான் எனக்கு ஆத்திரம். அன்னிக்குக் கல்லைத் தூக்குடின்னேன், சரின்னா. கடல் பக்கம் நில்லுடின்னேன், சரின்னா. ஏன்டி உன் இடம் நாறுதுன்னேன், அதுக்கும் சரின்னு சிரிச்சா. வேம்பு எப்படிச் சொன்னா? நான் நிக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னால்ல? அவளை நான் என்ன பண்ணிட்டேன்? ஒண்ணும் பண்ணலையே. இவளும் ஒருநாள், முடியாதுக்கா, கை எரியுதுக்கா, நீ வந்து நில்லுக்கான்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் போய் நின்னிருக்க மாட்டேனா? பஸ் ஸ்டாண்டுல வச்சாவது சொல்லியிருக்கலாம்ல? மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தாளே, அந்தக் கையில.

இந்தாங்க உங்க மீனு. தலை தனிப் பையில இருக்கு. சீக்கிரம் குழம்பு வைங்க, வெயிலு தாங்காது. நான் அழல தம்பி, செதிள் தெறிச்சிடுச்சு. நீங்க கெளம்புங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்தச் சிறுக்கி?